கல்வாழைத் தொட்டி நாறினால் எங்கே பார்க்க வேண்டும்?

கேள்வி: வீட்டில் நான்கு பேர். குளியல், சலவை, சமையலறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்து மரங்களுக்கு விடுவதற்காக, ஜல்லி நிரப்பிய தொட்டியில் கல்வாழை நட்டோம். ஆரம்பத்தில் தெளிவான நீர் வந்தது. இப்போது மேலே தண்ணீர் தேங்கி, அழுகிய முட்டை வாடை அடிக்கிறது. வேறு செடி நட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. கோளாறு செடியில் இல்லை. இந்தத் தொட்டியில் அழுக்கைத் தின்பவை பெரும்பாலும் ஜல்லியின் மேல் படலமாக வளரும் நுண்ணுயிரிகள்தான். செடியின் வேர் அவற்றுக்கு இடம் தரும், கொஞ்சம் ஆக்சிஜனும் தரும். ஜல்லி இடுக்குகளைக் கொழுப்பும் வண்டலும் அடைத்துவிட்டால் எந்தச் செடியாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பெருகும் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடும். நீங்கள் சொல்லும் வாடை அதுதான்.

முதலில் அடைப்பு எங்கே என்று பாருங்கள். நீர் வெளியேறும் பைப்பில் இருக்கும் எல்போவை (வளைந்த இணைப்பை) கீழே சாய்த்து, ஒரு மணி நேரம் விடுங்கள். வெளியேறும் பக்கம் நீர்மட்டம் இறங்கி, நுழையும் பக்கம் மட்டும் தேங்கியே நின்றால், அடைப்பு நுழைவாயில் ஜல்லியில் இருக்கிறது. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இரண்டு பக்கமும் இறங்காவிட்டால், அடியில் உள்ள துளைப் பைப்பை வேரோ வண்டலோ அடைத்திருக்கிறது. அதைக் குத்திவிட்டு, நீரை அழுத்தமாகப் பாய்ச்சிக் கழுவுங்கள்.

நுழைவாயில் அடைப்பு என்றால், நீரை வேறு பக்கம் திருப்பிவிட்டு, அங்குள்ள ஜல்லியை அரை மீட்டர் அகலத்துக்கு அள்ளி எடுங்கள். கறுப்பாகப் பிசுபிசுவென்று வரும். அதைக் கழுவித் திரும்பப் போடுவதைவிட, அந்த இடத்தில் 40 முதல் 80 மி.மீ. கற்களைப் போடுவது நல்லது. பிறகு ஒன்றிரண்டு வாரம் தொட்டியைக் காயவிடுங்கள். மீதி ஜல்லியில் படிந்த படலம் காற்றுப்பட்டுச் சுருங்கும்.

இத்துடன் நிறுத்தினால் அதே அடைப்பு திரும்ப வரும். காரணம் தொட்டிக்கு முன்னால் இருக்கிறது. சமையலறை நீர் முதலில் கொழுப்புப் பொறி, அதாவது எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் சிறு தொட்டி, வழியாகத்தான் வர வேண்டும். அதன் வெளியேறும் பைப்பின் வாய் நீர்மட்டத்துக்கு வெகு கீழே இருந்தால்தான் மிதக்கும் எண்ணெய் உள்ளேயே நிற்கும். கொதிக்கும் நீரை ஊற்றினால் உறைந்த கொழுப்பு உருகித் தப்பிவிடும். வாரம் ஒருமுறை மேலே மிதப்பதை வழித்தெடுங்கள். அதன்பின் எல்லா நீரும் ஒரு படிவுத் தொட்டியில், ஏறக்குறைய ஒரு நாள் தங்க வேண்டும். வாஷிங் மெஷின் ஒரே மூச்சில் வெளியேற்றும் நீரையும் அது தாங்கிக்கொள்ளும். வெள்ளைத் துணி சுற்றிய கோலை அடிவரை இறக்கிப் பாருங்கள். அடிச்சேறும் மிதப்பும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டியிருந்தால் உடனே அள்ள வேண்டும்.

அளவையும் சரிபாருங்கள். நாளுக்கு 400 லிட்டர் வந்தால், 4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், நீர் நிற்கும் ஆழம் 50 செ.மீ. போதும். கொள்ளளவு 3,000 லிட்டர். அதில் 35 முதல் 40 சதவீதம்தான் இடுக்கு என்பதால் நீர் சுமார் 1,100 லிட்டர் பிடிக்கும், ஏறத்தாழ இரண்டே முக்கால் நாள் தங்கும். நடுப்பகுதிக்கு 10 முதல் 20 மி.மீ. ஜல்லி. வாளி நீரில் ஒரு கைப்பிடி போட்டுக் கலக்குங்கள். நீர் கலங்கினால் அது கழுவாத ஜல்லி, அந்தத் தூசியே பாதி அடைப்பைச் செய்துவிடும். தொட்டியின் அடித்தளம் நீர் வெளியேறும் பக்கமாக 1 சதவீதம் சரியட்டும். மேற்பரப்பு மட்டமாகவே இருக்கட்டும்.

நீர்மட்டம் எப்போதும் ஜல்லியின் மேற்பரப்புக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே இருக்கும்படி எல்போவை வையுங்கள். திறந்த நீர் இல்லையென்றால் கொசுவும் இல்லை. பூத்து முடிந்த கல்வாழைத் தண்டுகளை வெட்டி வெளியே எடுத்துவிடுங்கள். தொட்டியிலேயே மட்கினால் அதுவும் வண்டல்தான்.

வெளிவரும் நீரில் கிருமிகள் மிச்சமிருக்கும். மரத்தடியில் தரையோடு விடலாம். பச்சையாகத் தின்னும் கீரை, காய்களுக்கு வேண்டாம், தெளிக்கவும் கூடாது. சலவைத்தூளின் சோடியத்தை இந்தத் தொட்டி நீக்காது. ஒரே மரத்துக்கே விட்டுக்கொண்டிருந்தால் மண் இறுகும். இடத்தை மாற்றிமாற்றி விடுங்கள்.