இருபது நிமிடம் போதும்

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியிலிருந்து வந்து கொஞ்சம் இளைப்பாறியதும் வீட்டுப்பாடத்துக்கு உட்கார வைத்தால், முடிக்க இரவு 9 மணி ஆகிவிடுகிறது. 10 சொற்களை ஒவ்வொன்றும் 10 முறை எழுத வேண்டும், 2 பக்கம் கணக்கு, அப்புறம் கையெழுத்து நோட்டு. தினமும் அழுகைதான். நான் அதட்டுகிறேன், சில நாள் அடித்தும் விடுகிறேன். அவளால் முடியவே முடியாத நாளில், அவள் எழுத்து மாதிரி தெரியட்டும் என்று நானே இடது கையால் எழுதி முடிக்கிறேன். முடிக்காமல் அனுப்பினால் டைரியில் சிவப்பு மையில் குறிப்பு வருகிறது. “இப்போதே பழகாவிட்டால் பெரிய வகுப்பில் கஷ்டப்படுவாள்” என்கிறார் என் கணவர். இந்த வயதில் இவ்வளவு தேவைதானா? நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தோழிக்கு,

தேவையில்லை. இரண்டாம் வகுப்புக் குழந்தை இரவு 9 மணி வரை அழுதுகொண்டே எழுதும் அளவுக்கு எந்த வீட்டுப்பாடமும் தேவையில்லை. அடிப்பதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அவள் சோம்பேறித்தனத்தால் அழவில்லை. அந்த வயதின் கைவிரல்களுக்கும் கவனத்துக்கும் மீறிய வேலையைச் செய்யச் சொல்வதால் அழுகிறாள்.

இதை வெறும் பரிவோடு மட்டும் சொல்லவில்லை. வீட்டுப்பாடத்தைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக உளவியலாளர் ஹாரிஸ் கூப்பர். 1987 முதல் 2003 வரை அந்த நாட்டில் நடந்த ஆய்வுகளை அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். 7-ஆம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகளிடம், வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் ஓரளவு நல்ல தொடர்பு தெரிந்தது. 6-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளிடம் அந்தத் தொடர்பு பலவீனமாகவே இருந்தது. கூப்பர் வீட்டுப்பாடமே கூடாது என்பவர் அல்ல, அளவோடு இருக்கட்டும் என்பவர். ஒரு வகுப்புக்கு 10 நிமிடம் என்ற கணக்கை அவர் ஆதரிக்கிறார். அதன்படி உங்கள் மகளுக்கு ஒரு நாளைக்கு 20 நிமிடம், எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து.

அரசுகளும் இதை யோசித்திருக்கின்றன. தொடக்கப் பள்ளியில் எழுத்து வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று பிரான்ஸ் 1956-லேயே சுற்றறிக்கை விட்டது. சீனா 2021-ல் முதல் இரண்டு வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுப்பாடத்தையே விலக்கியது. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு பள்ளிப் பை கொள்கையும் 2-ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. உங்கள் பள்ளிக்கு இவற்றில் எது பொருந்தும், பொருந்தாது என்பது வேறு விஷயம். ‘என் மகளுக்கு மட்டும்தான் முடியவில்லை’ என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் ‘பத்துப் பத்து முறை’ விஷயத்துக்கு வருவோம். இன்று அவள் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, திருத்தாமல் பேசாமல், சும்மா பாருங்கள். ‘மரம்’ என்று 10 முறை எழுத வேண்டும் என்றால், களைத்துப்போன குழந்தை முதலில் ‘ம’ ‘ம’ ‘ம’ என்று மேலிருந்து கீழே வரிசையாக எழுதிக்கொண்டு போகும். அப்புறம் மேலே வந்து அத்தனைக்கும் பக்கத்தில் ‘ர’ போடும். கடைசியில் ‘ம்’. பக்கம் நிரம்பிவிடும், பார்க்க அழகாகக்கூட இருக்கும். ஆனால் ‘மரம்’ என்ற சொல்லை அந்தக் குழந்தை ஒரு தடவைகூட எழுதியிருக்காது. சீக்கிரம் முடித்து எழுந்துவிட அதற்குத் தெரிந்த ஒரே வழி அது. இதற்காக அதைக் கோபித்துப் பயனில்லை.

இதற்குப் பதிலாக ஒன்று செய்து பாருங்கள். சொல்லைக் காட்டி, அவளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கையால் மூடிவிட்டு, நினைவிலிருந்து ஒரே ஒரு முறை எழுதச் சொல்லுங்கள். கையை எடுத்ததும் சரியா என்று அவளே பார்க்கட்டும். தப்பானால் மறுபடி ஒரு முறை. பார்த்துப் பார்த்து எழுதுவதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதுவதுதான் மனதில் தங்கும். சரியாக வந்த சொல்லை அன்றைக்கு அதோடு விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். கணக்கிலும் அப்படித்தான்: ஒரே மாதிரிக் கூட்டல்களில் நாலைந்தைத் தானாகப் புரிந்து போட்டுவிட்டாள் என்றால் மீதிப் பக்கம் அவளுக்குப் புதிதாக எதையும் கற்றுத் தரப்போவதில்லை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தயவுசெய்து இடது கையால் எழுதாதீர்கள்.

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. காலையில் குழந்தை எல்லார் முன்னாலும் நிற்கக் கூடாதே என்ற தவிப்புதான் அது. ஆனால் மறுநாள் அந்த நோட்டு யார் கைக்குப் போகிறது என்று யோசியுங்கள். வகுப்பில் உள்ள அத்தனை பிள்ளைகளின் நோட்டையும் திருத்துகிற டீச்சருக்கு, உங்கள் வீட்டு இரவு எப்படிப் போயிற்று என்று தெரிய வேறு வழியே இல்லை. முடித்த பக்கத்தைப் பார்த்தால், ‘சரி, பிள்ளைகளால் முடிகிறது’ என்றுதான் அவர் நினைப்பார். அன்றைக்கும் அதே அளவு கொடுப்பார். உங்களைப் போலவே இன்னும் நாலு வீட்டில் பெற்றோர் எழுதி முடித்தால், அந்த வகுப்புக்கே அதுதான் அளவு என்று ஆகிவிடும். குழந்தைக்கு எது புரியவில்லை என்பதும் டீச்சர் கண்ணிலிருந்து மறைந்துபோகும்.

அதனால் இனி கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள். பள்ளி விட்டு வந்ததும் முதலில் விளையாட்டு. பிறகு, இருட்டுவதற்கு முன்னால் 20 நிமிடம், கவனம் சிதறாத ஓர் இடத்தில். நீங்கள் பக்கத்தில் இருங்கள், கையைப் பிடித்து எழுத வைக்காதீர்கள். நேரம் முடிந்ததும் எந்த வரியில் நிற்கிறாளோ அங்கே ஒரு கோடு போட்டு, கீழே உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள்: “20 நிமிடம் தானாக எழுதினாள். இதற்குள் இவ்வளவு முடிந்தது. கடன் வாங்கிக் கழிப்பது இன்னும் புரியவில்லை.” அவ்வளவு போதும். புகாரும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம்.

இப்படி எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் டீச்சரை ஒரு தடவை நேரில் பார்த்துவிடுங்கள். வாசலில் அவசரமாக நின்று பேசாமல், நேரம் கேட்டுப் போங்கள். “வீட்டுப்பாடம் ரொம்ப அதிகம் மிஸ்” என்று ஆரம்பித்தால் அவர் தற்காத்துப் பேசத்தான் தோன்றும். “இவளுக்கு எவ்வளவு நேரத்தில் முடியும் என்று நினைத்துக் கொடுக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். அரை மணி நேரம் என்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் வீட்டில் ஆகிற நேரத்தை அப்போது சொல்லுங்கள். இதுவரை நீங்கள் எழுதிக் கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முடிக்காததற்காக அவளை வகுப்பில் நிற்க வைக்க வேண்டாம் என்பதையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். அவர் மேலிடத்துக்குக் கட்டுப்பட்டவராக இருந்தால், இன்னும் இரண்டு மூன்று பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் போங்கள்.

உங்கள் கணவரின் கவலை பொய் இல்லை. பழக்கம் வேண்டும்தான். தினமும் ஒரே நேரத்தில் உட்கார்வது, தானே ஆரம்பிப்பது, முடித்ததும் பையை எடுத்து வைப்பது – இதெல்லாம் 20 நிமிடத்திலேயே பழகும். 9 மணி வரை இழுத்தால் அவள் பழகுவது புத்தகத்தைக் கண்டதும் வயிறு கலங்குவதற்குத்தான். தூக்கத்தையும் கணக்கில் எடுங்கள். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம். மிச்சமாகும் நேரத்தில் படுக்கையில் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு கதையை அவளுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள் அவரை. அது தண்டனை வாசனை இல்லாத படிப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். நன்றாகத் தூங்கி, வேலையும் குறைந்த பிறகும் நாலு வரி எழுத அவள் மிகவும் திணறினால், எழுத்துகளை விடாமல் மாற்றி மாற்றிப் போட்டால், நோட்டை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டால், கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அங்கே குறை எதுவும் இல்லை என்றால், வாசிப்பில் சிரமம் இருக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடமோ சிறப்புக் கல்வி தெரிந்த ஆசிரியரிடமோ கேளுங்கள். சீக்கிரம் தெரிந்தால் அதற்கென்று சொல்லித் தரும் முறைகள் இருக்கின்றன. டீச்சரைப் பார்த்துவிட்டு வந்து என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.