838 டெராஃப்ளாப்: யார் நிறுத்துப் பார்த்தது?

கே: திருச்சி என்.ஐ.டி.யில் படிக்கும் என் மகன், அங்குள்ள ‘பரம் பொருள்’ கணினியின் வேகம் 838 டெராஃப்ளாப் என்று பெருமையடிக்கிறான். இதையெல்லாம் யார் நிறுத்துப் பார்க்கிறார்கள்?
(வாசகி, கொழிஞ்சாம்பாறை)

ப: பக்கத்து ஊராகிவிட்டீர்களே அம்மா! நான் சித்தூர்க்காரன். நம்ம பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திராவுக்குத் தபால் போட்டுவிடாதீர்கள்.

டெராஃப்ளாப் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு. இப்படி அறிவிக்கும் எண் பெரும்பாலும் உச்ச வேகம். எத்தனை பிராசஸர், நொடிக்கு எத்தனை துடிப்பு, ஒரு துடிப்புக்கு எத்தனை கணக்கு என்று பெருக்கிப் போட்ட காகிதக் கணக்கு அது. ஓட்டிப் பார்க்கத்தான் ‘லின்பேக்’ இருக்கிறது; ஜாக் டோங்கரா உருவாக்கிய சோதனை. லட்சக்கணக்கான சமன்பாடுகளை ஒரே மூச்சில் தீர்க்க வேண்டும். உலகின் அதிவேகக் கணினிகளை வரிசைப்படுத்தி 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை வரும் ‘டாப் 500’ பட்டியல் இதை வைத்துத்தான். நிறுப்பது யார் என்றீர்களே, கணினியின் சொந்தக்காரரேதான்! ஓட்டி, எண்ணை எழுதி அனுப்புவார். விடை சரிதானா என்று புரோகிராமே கடைசியில் சரிபார்த்துக்கொள்ளும், அதுவரை நிம்மதி.

எனக்கு உறுத்துவது வேறு. லின்பேக், மெமரியிலிருந்து எடுத்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். பிராசஸருக்குக் கொண்டாட்டம். வானிலை போன்ற வேலைகள் அப்படியில்லை; அங்கே பிராசஸர் பாதி நேரம் தரவு வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் காத்திருப்பையும் சேர்த்து அளக்கும் சோதனை எச்.பி.சி.ஜி. அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் கணினி 2024 நவம்பரில் லின்பேக்கில் 1,742 பெட்டாஃப்ளாப் (ஒரு பெட்டா என்றால் ஆயிரம் டெரா), 2025 ஜூனில் எச்.பி.சி.ஜி.யில் சுமார் 17. நூற்றில் ஒரு பங்கு! ஜப்பானின் ஃபுகாகு லின்பேக்கில் 442தான், ஆனால் இதில் 16. நாலு மடங்கு வித்தியாசம் எங்கே போனது?

ஆகவே மகனிடம் சொல்லுங்கள்: தான் எழுதிய புரோகிராமை ஒரு நோடில் (பெரிய கணினிக்குள் கோத்திருக்கும் தனித்தனிக் கணினிகளில் ஒன்று), பிறகு இரண்டில், நாலில் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். நாலு நோடிலும் நேரம் பாதிகூடக் குறையாவிட்டால் 838ஐ மறந்துவிட்டு, நோடுகளுக்கு இடையே எவ்வளவு தரவு ஓடுகிறது என்று பார்க்கட்டும்.

கே: வீட்டு லேப்டாப்பில் லின்பேக் ஓட்டலாமா?
(வாசகர், வேலந்தாவளம்)

ப: தாராளமாக. மார்ச் மாதப் பாலக்காட்டு மத்தியானத்தில் மட்டும் வேண்டாம். சூடேறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் ஓட்டத்தில் வந்த எண் அடுத்தடுத்த ஓட்டங்களில் வராது. நண்பரிடம் பந்தயம் கட்டுவதானால் விடியற்காலையில் ஓட்டுங்கள்.