பன்னிரண்டு தலைப்பும் ஒரு கேள்வியும்

வணக்கம் ஐயா,

எங்கள் முதலாம் வருட மாணவருக்குத் தகவல் தேடும் திறன் பற்றி ஒரு பாடம் வகுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம், 15 கிழமை. நூலக அறிமுகம், இணையத் தேடல், உசாத்துணை என்று 12 தலைப்பு போட்டுவிட்டேன். பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டுமோ என்று யோசனையாக இருக்கிறது.

ஒரு விரிவுரையாளர், கிளிநொச்சி

அன்புள்ள விரிவுரையாளருக்கு,

அலுப்புத் தட்டத்தான் செய்யும். எழுத ஒன்றுமில்லாத கிழமையில் உசாத்துணை படிப்பித்தால் ஒருவருக்கும் மனதில் நிற்காது. அவர்களுக்கு வேறு பாடத்தில் எந்தக் கிழமை ஒப்படை வருகிறது என்று முதலில் விசாரியுங்கள். உங்கள் வகுப்பு அதற்கு இரண்டு கிழமை முந்திப் போகட்டும். நூலகத்தைச் சுற்றிக்காட்ட அரை மணித்தியாலம் காணும்.

முதல் வகுப்பிலேயே ஒரு கேள்வி கொடுங்கள்: கிளிநொச்சி மாவட்டச் சனத்தொகை 1981இலிருந்து எப்படி மாறியது? கைத்தொலைபேசியில் பத்து நிமிடத்தில் விடை கொண்டுவருவார்கள். 1981க்கும் 2001க்கும் எண் இருக்கும். ஆனால் கிளிநொச்சி யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1984இல். அப்படியானால் 1981 எண்ணை யார், எந்தப் பிரிவுகளைக் கூட்டி எடுத்தார்கள்? 2001 தொகைமதிப்பு 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது; கிளிநொச்சியில் வீடுவீடாக எண்ணவே இல்லை. அந்த எண் ஒரு மதிப்பீடு. அட்டவணையின் அடிக்குறிப்பில் இருப்பதை, அதை வெட்டி ஒட்டிய இணையப் பக்கம் விட்டுவிடும். இந்த ஒரு கேள்விக்கு மூன்று வகுப்புக் கொடுத்தாலும் தகும்; மூலத்தைச் சோதிப்பதென்றால் என்னவென்று பிள்ளைகள் தங்கள் ஊர்க் கணக்கிலேயே கண்டுகொள்வார்கள்.

அடுத்தது தேடுசொல். முல்லைத்தீவை ஆங்கிலத்தில் ஒரு டீயோடும் எழுதுகிறார்கள், இரண்டு டீயோடும் எழுதுகிறார்கள், எச் சேர்த்தும் எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் தேடினால் மற்றவை தப்பிவிடும். எல்லாவற்றையும் 'அல்லது' (OR) என்ற கட்டளையால் இணைத்துத் தேடப் பழக்குங்கள். 'நூலகம்' (noolaham.org) என்ற எண்ணிம ஆவணக இணையத்தளத்தில் பழைய சஞ்சிகைகள் பல படமாகவே வருடப்பட்டவை (ஸ்கான் செய்யப்பட்டவை). உள்ளே உள்ள சொல் தேடலில் அகப்படாது. அங்கே தலைப்பு, ஆண்டு வழியாகத்தான் போகவேண்டும்.

புள்ளியில் பாதிக்கு மேல் தேடற்குறிப்புக்குக் கொடுங்கள். நாலு நிரல் போதும்: திகதி, தேடிய இடம், பாவித்த சொல், எதை ஏன் விட்டேன். கடைசி நிரல்தான் முக்கியம். முடிவில் மொத்தமாகக் கேட்டால் கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்திய இரவில் குந்தியிருந்து நிரப்புவார்கள். ஆகவே கிழமைக்கொருதரம் பார்த்து ஒப்பமிடுங்கள்.