ஃபேர்ஃபாக்ஸ் ஸ்கூல் போர்டு பாலட்ல ஏன் கட்சி பேரு இல்ல?

அமெரிக்காவுல சிட்டிசன் ஆகிட்டேன், வர்ஜீனியா மாநிலத்து ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியோட 2023 சாம்பிள் பாலட்ட (மாதிரி வாக்குச்சீட்டு) எடுத்துப் பாத்தா ஸ்கூல் போர்டு ஆளுங்க பேருக்குப் பக்கத்துல கட்சியே இல்லையே, 2027ல யாருக்குப் போடறதுனு கேட்டிருந்தீங்க. வர்ஜீனியாவுல அப்படித்தாங்க, ஸ்கூல் போர்டுக்கு கட்சி பேரு போட மாட்டாங்க, ஆனா கட்சிங்க ஆதரவு குடுக்கும், பூத் வாசல்ல இருந்து 40 அடி தள்ளி நின்னு கையில ஒரு பேப்பர் திணிப்பாங்க பாருங்க, அதுல இருக்கும். மொத்தம் 12 பேர், 9 டிஸ்ட்ரிக்ட்டுக்கும் தலா ஒருத்தர், மிச்ச 3 பேர் கவுண்டி முழுக்கப் பொது, அதனால பாலட்ல அந்தப் பொது லிஸ்ட்ல 3 பேர் வரைக்கும் போடலாம். நான் முதல் தடவ ஒரே ஒரு வட்டத்த நிரப்பிட்டு வந்துட்டேன், இப்பவும் மனசு ஆறல. எந்தத் தெருப் பிள்ளைங்க எந்த ஸ்கூலுக்குப் போகணும்னு முடிவு பண்றதே இவங்கதான், அதுல யாரு என்ன சொல்றாங்கனு பாத்துப் போடுங்க. வரி போடற அதிகாரம் இவங்களுக்குக் கிடையாது, வரியக் குறைக்கறேன்னு யாராவது வந்தா நம்பாதீங்க.