காலிகோ ஜோடிக்குப் பிறந்த குஞ்சுகள் ஏன் எல்லாம் காலிகோவாக இல்லை?

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி: "சிமென்ட் தொட்டியில் என் காலிகோ ஓராண்டா தங்கமீன் ஜோடி முட்டையிட்டது. குஞ்சுகளுக்கு இப்போது ஐந்து வாரம். ஏறக்குறைய பாதிதான் காலிகோ. மற்றவற்றில் சில பழுப்பாகப் பளபளக்கின்றன, சில வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கின்றன. ஜோடி சுத்தமான இனம் இல்லை என்கிறார் கடைக்காரர். தாய்மீன்களை மாற்ற வேண்டுமா? எந்தக் குஞ்சுகளை வைத்துக்கொள்வது?"

தலையில் சதை திரளும் இரட்டை வால் தங்கமீன் வகையே ஓராண்டா. நீலமும் கரும்புள்ளிகளும் கலந்த நிறமுள்ளதைக் காலிகோ என்கிறோம். தாய்மீன்களை மாற்ற வேண்டாம். உங்கள் ஜோடியிடம் குறை எதுவும் இல்லை. இரண்டு காலிகோக்களைச் சேர்த்தால் இப்படித்தான் வரும். செதிலின் பளபளப்பைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவின் இரு வேறு வடிவங்களில், ஒன்றைத் தாயிடமிருந்தும் மற்றொன்றைத் தந்தையிடமிருந்தும் பெறும் மீனே காலிகோ ஆகிறது. ஆகவே அப்படிப்பட்ட இரண்டின் குஞ்சுகளில் கால் பங்கு பளபளக்கும் செதிலுள்ள மெட்டாலிக், அரைப் பங்கு காலிகோ, கால் பங்கு பளபளப்பே இல்லாத மேட் என்ற விகிதம் அமைகிறது. சீன உயிரியலாளர் ஷிசான் சென் 1928-இலேயே 'ஜெனிடிக்ஸ்' ஆய்விதழில் இதை விளக்கியிருக்கிறார். நீங்கள் கண்ட 'பாதி' அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

அந்த வெளிறிய குஞ்சு ஒன்றை வெள்ளைப் பேசினில் விட்டுப் பாருங்கள். செவுள் மூடியின் வழியே செவுளின் சிவப்பு தெரியும். கண்பாப்பாவைச் சுற்றிப் பளிச்சிடும் வளையம் இல்லாததால் கண் முழுவதும் கருப்பாக இருக்கும். ஒளியைத் திருப்பியனுப்பும் குவானின் படிகங்கள் மிகக் குறைவாக இருப்பதே காரணம். பலர் இவற்றை முதல் வாரங்களிலேயே கழித்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தேர்வில் நிறத்துக்கு இடம் கடைசியில்தான். முதலில் வாலைப் பாருங்கள். இரண்டு மூன்று வாரக் குஞ்சிலேயே இது தெரியும் என்பதால் உங்களுக்கு ஏற்கெனவே சற்றுத் தாமதம்தான். பேசினில் மேலிருந்து பார்த்து, ஒற்றை வாலுள்ளவற்றையும், இரு மடல்களும் மேலே ஒட்டி மூன்று முனைகளாகத் தெரிபவற்றையும், ஒருபக்கம் கோணியவற்றையும் தனியே எடுங்கள். பெற்றோர் இரண்டும் இரட்டை வாலுடன் இருந்தாலும் வால் பிரியும் அளவு குஞ்சுக்குக் குஞ்சு மாறும். அடுத்த சில வாரங்களில் முதுகெலும்பு நேராக இருப்பது, முதுகுத் துடுப்பின் நிமிர்வு, நீந்தும்போது உடல் சாயாமல் நிற்பது ஆகியவற்றைக் கவனித்து மறுபடியும் கழிக்க வேண்டும். ஒவ்வொரு கழிப்புக்குப் பிறகும் தொட்டியில் நெரிசல் குறைவதே மீதமுள்ளவற்றுக்கு நீங்கள் தரும் சிறந்த தீவனம். நெருக்கத்தில் வளரும் குஞ்சு, ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய இறால் வகைத் தீவனத்தை எவ்வளவு கொடுத்தாலும் தேறாது. காலிகோவின் கரும்புள்ளிகளும் நீலமும் பல மாதங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஓராண்டாவின் தலைச்சதையும் மெதுவாகத்தான் திரளும். எனவே அடுத்த தலைமுறைக்கான தாய்மீனை ஓராண்டு நிறைவதற்கு முன் முடிவு செய்யாதீர்கள்.

கழித்தவற்றில் நலமானவற்றை வளர்க்க விரும்புவோருக்குக் கொடுக்கலாம். ஏரியிலோ குளத்திலோ ஆற்றிலோ ஒன்றைக்கூட விடக்கூடாது. தங்கமீன் நம் நீர்நிலைகளுக்கு அந்நியமானது, நோயையும் உடன் கொண்டு செல்லும்.

இனி அந்த வெளிறிய குஞ்சுகள். நல்ல உடலும் வாலும் கொண்ட மேட் மீன் ஒன்றை, அதே தரமுள்ள மெட்டாலிக் மீனுடன் சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகள் அனைத்தும் காலிகோ வகைச் செதிலுடன் வரும். பாதியைக் கழிக்கும் நிலை வராது. ஆனால் இது செதிலுக்கு மட்டுமே உறுதி. நீலமும் கரும்புள்ளியும் வேறு மரபணுக்களைச் சார்ந்தவை. தோலின் ஆழத்தில் படிந்த கருநிறமியே நமக்கு நீலமாகத் தெரிகிறது என்பதால், சீக்கிரமே ஆரஞ்சாக மாறிவிடும் மெட்டாலிக்கைவிட நெடுநாள் கருமை மாறாமல் இருப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். இரண்டும் இதே ஜோடியின் குஞ்சுகளாக இருந்தால் நெருங்கிய உறவில் குறைகள் வெளிப்படக்கூடும். அதனால் மெட்டாலிக்கை மட்டுமாவது வேறொரு வளர்ப்பாளரிடமிருந்து பெறுங்கள். எந்த மீனை எதனுடன் எப்போது சேர்த்தீர்கள், எத்தனை குஞ்சுகள் எந்த வகையாக வந்தன என்பதை இப்போதிருந்தே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.