மறுகாலுக்கு யார் பொறுப்பு? மழைநீர் வடிகால் பற்றிய கேள்வி பதில்

நெல்லை மாநகராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் மழைநீரைச் சேர்ந்து கையாள்வது குறித்து பல ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு, பாசனப் பொறியியலில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் விடை எழுதுகிறேன்.

பெருமாள்புரத்திலிருந்து ஒருவர்: புது வாறுகால் (வடிகால்) கட்டிய பிறகும் தெருவில் தண்ணீர் நிற்பது ஏன்?

அந்த வாறுகால் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். மாநகராட்சி தன் எல்லை வரை கட்டுகிறது. அதற்கப்பால் நெடுஞ்சாலைத் துறையின் பாலம் வரும். அதையும் தாண்டினால் ஊராட்சியின் ஓடை. மூவரும் தனித்தனியே மட்டம் பார்த்துத் தனித்தனியே மதிப்பீடு போடுகிறார்கள். நான் பார்த்த ஓரிடத்தில் புது வாறுகாலின் தளம், அது போய்ச் சேரும் பழைய பாலத்தின் தளத்தைவிட அரையடி தாழ்ந்திருந்தது. கட்டுமானத்தில் குறையே இல்லை. ஆனாலும் மழை விட்டு வெயில் அடித்த பிறகும் அந்த அரையடித் தண்ணீர் கறுத்துப்போய், கொசுப் புழுவோடு அங்கேயே கிடந்தது. எல்லா அமைப்புகளும் ஒரே மட்டக் குறியை (உயரம் அளக்கத் தொடங்கும் அடையாளத்தை) ஏற்று, தெருவிலிருந்து குளம் வரை ஒரே வரைபடம் போட்ட பிறகே யாரும் பணிக்கு ஒப்புதல் தர வேண்டும் என்பதே என் முதல் கோரிக்கை.

ரெட்டியார்பட்டிப் பக்கம் ஓர் ஊராட்சி வார்டு உறுப்பினர்: நகரத்துத் தண்ணீர் எங்கள் ஊருக்குள் வருகிறது. நாங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும்?

நியாயமான கேள்விதான். ஓர் ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. வயலாக இருந்த காலத்தில் அதில் ஒரு பகுதியை மண் குடித்தது. மீதி வரப்புக்குள் நின்று மெல்ல வடிந்தது. அதே ஏக்கர் கூரையும் தார்ச்சாலையுமாக மாறிய பின் பெரும்பகுதி உடனே ஓடைக்கு வந்துவிடுகிறது. ஆகவே செலவை எல்லைக்குள் ஓடும் வாறுகாலின் நீளத்தை வைத்துப் பிரிக்காமல், யார் பரப்பிலிருந்து எவ்வளவு நீர் வழிந்தோடுகிறது என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும். ஒன்றையும் மறக்க வேண்டாம்: ஊராட்சிக்குள் அனுமதி பெறும் மனைப்பிரிவுகளும் அந்தக் கணக்கில் சேரும்.

மேலப்பாளையத்துத் தம்பி ஒருவர்: பாளையங்கால்வாயிலேயே மழைநீரை விட்டுவிட்டால் என்ன, அண்ணாச்சி?

கூடாது தம்பி. பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரியும் அது பாசனக் கால். பாசனக் கால் வழிநெடுக மடைகளுக்கும் குளங்களுக்கும் நீரைக் கொடுத்துக்கொண்டே போவதால், போகப் போகக் குறுகும். வடிகாலோ வழியெல்லாம் நீரை வாங்கிக்கொண்டு போவதால், போகப் போக அகல வேண்டும். நகரத்தின் மழைநீரையெல்லாம் பாசனக் காலில் தள்ளினால், அது எங்கே மிகக் குறுகலோ அங்கே, அதாவது கடைமடை விவசாயியின் நிலத்தில் கரை உடையும். கனமழை எச்சரிக்கை வந்ததும் தலைமதகை அடைப்பதற்கும், வழியிலுள்ள குளங்களில் முன்கூட்டியே மட்டத்தைக் குறைத்து வைப்பதற்கும் நீர்வளத்துறை, மாநகராட்சி, ஊராட்சி ஒன்றியம் மூன்றும் கலந்து முடிவெடுத்தாக வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள குளங்கள் ஒன்றியத்திடமும், பெரியவை நீர்வளத்துறையிடமும் இருப்பதால், மேல்குளத்து மறுகால் (குளம் நிரம்பியதும் மிகுநீர் வெளியேறும் வழி) ஒருவர் பொறுப்பாகவும் அது நிரப்பும் கீழ்குளம் வேறொருவர் பொறுப்பாகவும் இருப்பது இங்கே சாதாரணம். இரு தரப்பும் கைவிட்ட அந்த இடைவெளியில்தான் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்கிறது.

தியாகராஜ நகரிலிருந்து ஒரு அம்மா: அமெரிக்காவில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்தே மழைநீருக்கு அனுமதி வாங்குகின்றனவாம். நமக்கு அப்படிச் சட்டம் உண்டா?

அங்கே 1987-இல் தூய நீர்ச் சட்டத்தைத் திருத்தி, நகர மழைநீரை ஆற்றில் விடவும் அனுமதி தேவை என்றார்கள். பல ஊர்கள் கூட்டாக அந்த அனுமதியைப் பெறலாம். நம் அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தமும், மாவட்டத் திட்டக் குழு ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவானவற்றை, நீர்ப் பகிர்வு உட்பட, கருத்தில் கொண்டு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்தக் குழு மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது. தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் நெல்லையிலிருந்து பிரிந்து தனி மாவட்டங்களாகிவிட்டன. தென்காசிப் பக்கமிருந்து வரும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து தூத்துக்குடி மாவட்டத்துக்குள் போகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த மழையில், மேலிருந்து எவ்வளவு நீர் எப்போது வரும் என்பது கீழே இருந்தவர்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. பெரிய ஆணையம் ஒன்று வரட்டும் என்று காத்திராமல், குளத்தொடர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டுக் குழு அமைப்பதே பயன் தரும் என்பது என் கருத்து.

மீண்டும் அதே வார்டு உறுப்பினர்: நான் தொடங்குவதானால் எங்கே தொடங்குவது?

ஆகஸ்ட் 15 கிராம சபையில் தொடங்குங்கள். அக்டோபர் 2 வரை தள்ளினால் வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்துவிடும். எந்தக் குளத்து மறுகாலிலிருந்து எந்தக் குளம் வரை, யார், எந்தத் தேதிக்குள் தூர் வாருவது, இரவில் மதகைத் திறந்தால் கீழூரில் யாருக்குத் தொலைபேசியில் சொல்வது என்பதைத் தீர்மானமாக எழுதி, பக்கத்து ஊராட்சிக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.