ஐந்து பேர், இரண்டு சிறுவர் இருக்கை: நியூசிலாந்தில் மோட்டர்ஹோம் எடுக்க முன்

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "டிசம்பர் விடுமுறைக்கு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் இருக்கும் தம்பியிடம் போகிறோம். நானும் கணவரும், ஐந்து வயது மகள், இரண்டு வயது மகன், என் அம்மா. பன்னிரண்டு நாளைக்கு மோட்டர்ஹோம் எடுத்துத் தென்தீவைப் பார்க்க ஆசை. ஆறு பேர் படுக்கும் வாகனம் ஒன்று பார்த்திருக்கிறோம். சின்னப் பிள்ளைகளோடு சரிவருமா? என்னென்ன கவனிக்க வேண்டும்?"

சரிவரும். ஆனால் "ஆறு பேர் படுக்கலாம்" என்பதை மட்டும் பார்த்துப் பதிவு செய்துவிடாதீர்கள். உங்கள் குடும்பத்துக்கு எந்த வாகனம் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது கட்டில் இல்லை, இருக்கைப் பட்டி. எங்கள் பக்கத்தில் ஹயஸ் வேனில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பதுளை வரைக்கும் போய்விடுகிறோம். நியூசிலாந்தில் ஏழு வயது நிரம்பாத பிள்ளை அங்கீகரிக்கப்பட்ட சிறுவர் இருக்கையில்தான் இருக்க வேண்டும். இது சட்டம், மோட்டர்ஹோமுக்கும் பொருந்தும். உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் இருக்கை வேண்டும்.

ஆகவே பணம் கட்ட முன்பு வாடகை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்வி அனுப்புங்கள். முதலாவது, வாகனம் போகும் திசையைப் பார்த்தபடி உள்ள இருக்கைகளில் எத்தனைக்கு மூன்று முனைப் பட்டி, அதாவது தோளுக்கும் இடுப்புக்கும் சேர்ந்த பட்டி, இருக்கிறது? ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் உயர்த்தும் இருக்கையை இடுப்புப் பட்டி மட்டும் உள்ள இடத்தில் வைக்கக் கூடாது. மோதினால் பிள்ளையின் மேலுடம்பு முழுவதும் முன்னுக்கு மடியும், பட்டி வயிற்றை வெட்டும். இரண்டாவது, சிறுவர் இருக்கையின் தலைப்பக்க நாடாவைக் கொழுவும் கொக்கி அந்த இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறதா? அங்கே வாடகைக்குக் கிடைக்கும், பிள்ளையைத் தன் சொந்தப் பட்டியால் கட்டும் இருக்கைகளில் பெரும்பாலானவை அந்த நாடா இல்லாமல் சரியாக நிற்காது. மூன்றாவது, இரண்டு சிறுவர் இருக்கையையும் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமா? பக்கவாட்டாகப் பார்க்கும் சோபா இருக்கையில் பட்டி இருந்தாலும் சிறுவர் இருக்கை வைக்க முடியாது. பதில் எழுத்தில் வரட்டும். தொலைபேசியில் "ஓம், பிரச்சினை இல்லை" என்று சொன்னவர் வாகனம் எடுக்கும் நாளில் அங்கே நிற்கப்போவதில்லை.

பொதுவாக ஆறு பேர் வாகனத்தில் சிறுவர் இருக்கை வைக்கக்கூடிய இடம் நடுவில் உள்ள சாப்பாட்டு மேசையின் பின்பக்க வாங்குதான். அதே வாங்குதான் இரவில் மேசையை இறக்கினால் கட்டில். இங்கேதான் பல குடும்பங்கள் களைத்துப் போகின்றன: ஒவ்வொரு இரவும் இரண்டு இருக்கையையும் கழற்றி, ஒவ்வொரு காலையும் திரும்பப் பூட்ட வேண்டி வரும். அவசரத்தில் பூட்டினால் தளர்வாக இருக்கும். இந்தக் களைப்பைக் குறைக்க, படுக்கும் ஒழுங்கை முதலே யோசியுங்கள். பின்பக்கக் கட்டில் அகலமானது என்றால் அங்கே நீங்களும் இரண்டு பிள்ளைகளும், சாரதி ஆசனத்துக்கு மேலே உள்ள கட்டிலில் கணவர். ஏணி ஏறும் அந்த மேல் கட்டிலில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தனியே விடக் கூடாது, விழுந்தால் நேரே தரைதான். அம்மாவாலும் ஏறி இறங்க முடியாது. மிச்சமாவது மேசைக் கட்டில், அது அம்மாவுக்கு. சிறுவர் இருக்கைகளை இரவில் முன்னால் சாரதி ஆசனத்தில் வைத்துவிடலாம்.

காலையில் பூட்டும்போது இருக்கையின் மேல் முழங்காலை ஊன்றி உடல் பாரத்தைக் கொடுத்தபடியே பட்டியை இழுங்கள். பிறகு பட்டி போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்ரிமீற்றருக்கு மேல் அசைந்தால் திரும்பப் பூட்ட வேண்டும். இன்னொன்று, எங்கள் வெக்கைக்குப் பழகிய பெற்றோர் அறியாமல் விடுவது: பிள்ளைக்குத் தடித்த குளிர்ச்சட்டை போட்டுவிட்டுப் பட்டியைக் கட்டக் கூடாது. சட்டைக்குள் இருக்கும் காற்று மோதலில் நசுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். சட்டையைக் கழற்றி, பட்டியைத் தோளில் இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்க முடியாத அளவுக்கு இறுக்கி, அதற்கு மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

ஓடும்போது யாரும் எழும்பக் கூடாது. மலசலகூடம் உள்ளேயே இருக்கிறது என்று பிள்ளை நடந்து போக முடியாது. சாரதிக்கும் பிள்ளைக்கும் இடையில் இரண்டு மீற்றருக்கு மேல் இருக்கும், முன்னால் இருந்து போத்தல் எட்டிக் கொடுக்கவும் முடியாது. அதனால் பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்கு எதிரே, பின்னோக்கிய இருக்கையில் இருக்க வேண்டி வரும். தலைச்சுற்று உள்ளவர் அதில் இருக்கக் கூடாது. இதை இங்கேயே சோதித்துப் பார்க்கலாம். செங்கலடியில் இருந்து மகாஓயா, பிபிலை, லுணுகலை என்று பதுளை வரை ஒருநாள் போய் வாருங்கள். அந்த வளைவுகளில் சத்தி எடுக்கும் பிள்ளை தென்தீவின் மலைப்பாதையிலும் எடுக்கும். மருந்து தேவையா, எவ்வளவு என்பதைப் பிள்ளையின் வைத்தியரிடம் போக முன்பே கேட்டுக்கொள்ளலாம். இரவல் வாங்கியாவது ஒரு சிறுவர் இருக்கையில் இரண்டு கிழமை பழக்குங்கள். பட்டி கட்டப் பழகாத இரண்டு வயதுப் பிள்ளை முதல்நாளே பயணத்தை நிறுத்திவிடும்.

அடுத்தது தூரம். கூகிள் காட்டும் நேரம் காருக்கானது. மொத்த நிறை 3,500 கிலோவைத் தாண்டும் வாகனத்துக்கு அங்கே உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீற்றர், ஏற்றத்தில் அதுவும் கிடைக்காது. கூகிள் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி, பிள்ளைகளுக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தவும் கணக்கு வையுங்கள். ஒரு நாளைக்கு 150 முதல் 200 கிலோமீற்றர் போதும், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். கிறைஸ்ட்சேர்ச்சில் இருந்து டெகாப்போ ஏரி ஏறக்குறைய 230 கிலோமீற்றர், இதுவே உங்கள் நீளமான நாளாக இருக்கட்டும். ஜெரால்டினிலும் ஃபெயார்லியிலும் நிறுத்தினால் பிள்ளைகளுக்குத் தாங்கும். டெகாப்போவில் இரண்டு இரவு, பிறகு ட்வைசலில் தங்கி மவுண்ட் குக் பார்த்து, லிண்டிஸ் கணவாய் வழியாக வனாக்கா. வனாக்காவில் இருந்து குயின்ஸ்ரவுனுக்குக் கிரவுன் ரேஞ்ச் பாதை கிட்ட என்று தெரியும், அது 1,076 மீற்றர் உயரம் ஏறி இறங்குவது. குரொம்வெல் வழியாகச் சுற்றிப் போங்கள். மில்ஃபோர்ட் சவுண்ட் அழகுதான். ஆனால் தே அனாவில் இருந்து போக 120, வர 120 கிலோமீற்றர், மலைப்பாதை, இரண்டு வயதுப் பிள்ளை. இந்தமுறை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வோம். கப்பலேறி வடதீவுக்கும் போகும் யோசனை பன்னிரண்டு நாளுக்குள் வேண்டாம்.

பாதை இடப்பக்கம் என்பது உங்களுக்கு நல்வாய்ப்பு. பழக வேண்டியது ஒருவழிப் பாலங்கள்: உங்கள் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் எதிரே வருபவருக்கு வழிவிட்டு நில்லுங்கள். வாகனத்தின் உயரம் மூன்று மீற்றருக்கு மேல். சரியான அளவை ஒரு தாளில் எழுதிச் சாரதியின் கண் முன் ஒட்டுங்கள். கட்டடங்களுக்குள் உள்ள வாகனத் தரிப்பிடம், கடைக் கூரை, தாழ்ந்த மரக்கிளை மூன்றும்தான் கூரையைக் கிழிப்பவை. "முழுக் காப்புறுதி" வாங்கினாலும் பல ஒப்பந்தங்களில் கூரைச் சேதமும் அடிப்பக்கச் சேதமும் பிழையான எரிபொருளும் உங்கள் தலையில்தான். பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நிற்கட்டும். காற்று அடிக்கும் இடத்தில் கதவைக் கையால் பிடித்தபடி திறக்கவும், பிள்ளைகளைத் திறக்க விட வேண்டாம்.

வாகனத்தில் மூடிகள் மூன்று நான்கு இருக்கும்: டீசல், குடிநீர், சில வாகனங்களில் நீல மூடியோடு அட்புளூ (புகையைச் சுத்தமாக்கும் திரவம்). டீசல் தாங்கிக்குள் தண்ணீர்க் குழாயை விடுவதும் அட்புளூ தாங்கிக்குள் டீசல் ஊற்றுவதும் அடிக்கடி நடப்பவை. தெரியாமல் நடந்துவிட்டால் இயந்திரத்தை இயக்காமல் நிறுவனத்துக்கு அழையுங்கள். சாவியைத் திருப்பினால் சேதம் பலமடங்காகும்.

தண்ணீர் விடயத்தில்தான் எங்கள் ஆட்களுக்குக் கஷ்டம். கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் குளித்தவர்கள் நாங்கள். வாகனத்தின் குடிநீர்த் தாங்கியோ 80 முதல் 100 லீற்றர் அளவுதான். நிமிடத்துக்கு 6 லீற்றர் வரும் குழாயில் ஐந்து நிமிடம் குளித்தால் 30 லீற்றர் போய்விடும். குளிப்பதை விடுமுறைப் பூங்காக்களில், அதாவது மோட்டர்ஹோமை நிறுத்தி இரவு தங்கும் இடங்களில், வைத்துக்கொள்ளுங்கள். வாகனத் தண்ணீர் குடிக்க, சமைக்க, கழுவ.

மலசலகூடப் பெட்டி 17 முதல் 20 லீற்றர் பிடிக்கும். நாங்கள் தண்ணீர் பாவிப்பவர்கள் என்பதால் ஐந்து பேருக்கு ஒரு நாளிலேயே நிரம்பலாம். பூங்காவின் மலசலகூடத்தை முதலில் பாவியுங்கள், உள்ளே உள்ளது இரவுக்கும் பிள்ளையின் அவசரத்துக்கும். கழுவுவதற்குச் சின்ன விசிறிப் போத்தல் ஒன்று போதும். பம்பஸோ ஈரத்துணியோ ஒருபோதும் அதற்குள் போடக் கூடாது, பெட்டியின் வாயை மூடும் தகட்டில் சிக்கிக்கொள்ளும். வெறுமையாக்குவது தினமும் காலையில். முதலில் உள்ளே தகட்டை மூடுங்கள். மூடாமல் இழுத்தால் பெட்டி வெளியே வராது, பலவந்தம் செய்தால் உடையும். வெளிப்பக்கச் சின்னக் கதவைத் திறந்து பெட்டியை உருவி, கழிவு கொட்டும் நிலையத்துக்குக் கொண்டு போங்கள். பெட்டியின் ஊற்றும் மூக்கைத் திருப்பி மூடியைக் கழற்றி, கொட்டும்போது காற்றுப் பொத்தானைப் பெருவிரலால் அமுக்கிப் பிடியுங்கள். அமுக்காவிட்டால் குபுக் குபுக் என்று தெறிக்கும். அலசி, இரண்டு லீற்றர் தண்ணீரும் மலசலகூட மருந்தும் விட்டுத் திரும்பச் செருகுங்கள். அலசும் குழாயில் குடிநீர் பிடிக்க வேண்டாம்; குடிநீர்க் குழாய் தனியாகப் பெயர் போட்டிருக்கும். கழிவை வாகனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வசதி உண்டு என்று காட்டும் பச்சை நிற அனுமதி அட்டை வாகனக் கண்ணாடியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் அனுமதி கேட்கும் இடத்தில் இரவு தங்கினால் 400 நியூசிலாந்து டொலர் தண்டம் வரலாம்.

மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட், எங்கள் சோற்றுப் பானை வேலை செய்யும், பிளக் மாற்றி மட்டும் தேவை. ஆனால் சுவர்ப் பிளக்குகள் பூங்காவின் கம்பியில் இணைத்திருக்கும்போதுதான் உயிர்பெறும். பற்றரியில் விளக்கு, தண்ணீர்ப் பம், பிரிட்ஜ், கைபேசி சார்ஜ் மட்டும். கேத்தலையும் சூடாக்கியையும் ஒரே நேரத்தில் போட்டால் இணைப்பு விழும். கோடையிலும் டெகாப்போ இரவுகள் 10 பாகைக்குக் கீழே இறங்கும். காஸ் அடுப்பைப் பற்றவைத்து உள்ளே சூடாக்க ஒருபோதும் முயல வேண்டாம், காபன் மொனொக்சைட் தூக்கத்திலேயே கொல்லும். டிசம்பரில் இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம், பிள்ளைகள் தூங்கத் திரைச்சீலையைப் பகலிலேயே இழுத்து இருட்டாக்குங்கள். மீன் பொரிப்பது, பிட்டு அவிப்பது எல்லாம் பூங்காவின் பொதுச் சமையலறையில். உள்ளே பொரித்தால் மணம் துணியில் ஏறிவிடும், சுத்தம் செய்யும் கட்டணம் வரும்.

கொண்டுபோகும் சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் வருகைப் படிவத்தில் காட்டுங்கள்: தூள், மா, மாசி, கருவாடு, அம்மாவின் நாட்டு மருந்து வரை. காட்டினால் ஆகக்கூடினால் எடுத்துவிடுவார்கள், மறைத்தால் அந்த இடத்திலேயே 400 டொலர். தேன், கறிவேப்பிலை, மாம்பழம் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வந்து இறங்கிய அன்றே வாகனத்தை எடுக்க வேண்டாம். டிசம்பரில் அங்கே எங்களை விட ஏழரை மணித்தியாலம் முன்னால். அவர்களின் காலை 9 மணி கணவரின் உடலுக்கு இரவு ஒன்றரை. தம்பி வீட்டில் இரண்டு இரவு தூங்கி எழும்பட்டும். எடுக்கும்போது ஊழியர் காட்டுவதைக் கைபேசியில் முழுக்கப் படம் பிடியுங்கள், வாகனத்தின் நான்கு பக்கத்தையும் கூரையையும் சேர்த்து.

இங்கே இப்போதே தொடங்க வேண்டியவை: விசா, கொழும்பில் ஒட்டோமொபைல் அசோசியேஷனில் எடுக்கும் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம், பயணக் காப்புறுதி. விபத்துக் காயத்துக்கு நியூசிலாந்தின் அரச விபத்துக் காப்புறுதியான ஏசிசி வெளிநாட்டவரையும் பார்க்கும், காய்ச்சலுக்குப் பார்க்காது. கணவரின் அனுமதிப்பத்திரத்தில் பி வகுப்பு மட்டும் என்றால் அது 3,500 கிலோ வரைக்கும்தான். ஆறு பேர் வாகனங்கள் பல அதைத் தாண்டும். வாகனத்தின் மொத்த நிறையையும், இந்த அனுமதிப்பத்திரத்தோடு தருவார்களா, காப்புறுதி செல்லுமா என்பதையும் முன்பு சொன்ன மின்னஞ்சலிலேயே நான்காவது கேள்வியாகச் சேருங்கள். பிணைப்பணத்தைச் சாரதியின் பெயரில் உள்ள கடனட்டையில்தான் நிறுத்தி வைப்பார்கள், தம்பியின் அட்டை செல்லாது போகலாம். அது சில ஆயிரம் டொலர் வரை போகலாம். அட்டையின் எல்லை போதுமா, வெளிநாட்டில் வேலை செய்யுமா என்று வங்கியில் கேளுங்கள். டீசல் வாகனத்துக்குக் கிலோமீற்றர் கணக்கில் வீதி வரி தனியாக வரும், அதையும் செலவில் போடுங்கள். டிசம்பர் அங்கே உச்சப் பருவம், மூன்று முனைப் பட்டி உள்ள வாகனங்கள்தான் முதலில் முடியும். ஜூன், ஜூலைக்குள் பதிவு செய்துவிடுங்கள்.